சந்தில் நுழையும் வண்டி: ஒரு குட்டி வரலாறு

எங்கள் ஊர் கச்சிராயபாளையம். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகிற வழியில், அடிவாரத்தில் இருக்கிறது. ஊர் பேர் தெரியாதவர்களிடம் கோமுகி அணை, சர்க்கரை ஆலை என்று இரண்டைச் சொன்னால் "ஓ, அந்த ஊரா" என்பார்கள்.

ஆலையில் அரவை ஆரம்பித்துவிட்டால் எங்கள் ரோட்டின் முகமே மாறிவிடும். முன்னால் ஒரு டிராக்டர். அதன் பின்னால் கரும்பு ஏற்றிய டிரெய்லர். கரும்பு இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு நிற்கும். அதற்குப் பின்னால் ஒரு பஸ், ஒரு மினி லாரி, இரண்டு கார். டிராக்டருக்கும் எதிரே வருகிற வண்டிக்கும் நடுவில் கிடைக்கிற சந்தில் ஒவ்வொரு பைக்காக நுழைந்து போய்க்கொண்டே இருக்கும். நானும் போயிருக்கிறேன். கள்ளக்குறிச்சியில் கல்லூரிக்கு நேரமாகிவிட்டால் டிராக்டர் பின்னால் நிற்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? "எதிரே வர்ற பஸ் கிட்ட வர்றதுக்குள்ள போயிடலாம்" என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடும். பெரும்பாலும் அந்தக் கணக்கு சரியாகவே இருக்கும். அதுதான் ஆபத்து.

என் பெரியப்பா மகன் ஒருநாள் அதே கணக்கைப் போட்டார். பஸ்ஸில் மோதவில்லை. டிரெய்லரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கரும்பு ஹேண்டில்பாரில் மாட்டியது, அவ்வளவுதான். இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார். பிழைத்துக்கொண்டார். ஆனால் இப்போதும் பேசிக்கொண்டே இருக்கும்போது நடுவில் நிறுத்தி ஒரு வார்த்தையைத் தேடுவார். நாங்கள் எல்லோரும் காத்துக்கொண்டிருப்போம். விபத்து நடந்த மறுநாள் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கண்ணாடியில் மாட்டியிருந்த ஹெல்மெட்டும் கூடவே வந்தது. அதில் ஒரு கீறல்கூட இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. "சந்துல போனது இவன் தப்பு" என்பது பெரியப்பா கட்சி. "கரும்ப அப்படி ஏத்துனவன் தப்பு" என்பது பெரியம்மா கட்சி. நான் வரலாறு படிக்கிறவன் என்பதால் எனக்கு மூன்றாவதாக ஒரு கேள்வி வந்தது. வண்டிகள் வரிசையாகப் போகவேண்டும் என்று முதலில் சொன்னது யார்? அந்த வரிசைக்கு நடுவில் போகிற பழக்கம் எப்படி வந்தது? பைக்குக்கு ஏதுடா வரலாறு என்று வகுப்பில் சிரித்தார்கள். இருக்கிறது நண்பர்களே. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கோடு போட்ட கதை

சாலை ஆயிரம் வருடப் பழசு. சாலையில் கோடு போடுவது நூறு வருடத்துக்குக் கொஞ்சம் அதிகமான பழக்கம்தான். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் வேய்ன் கவுண்டியில் சாலை வாரியத்தில் இருந்த எட்வர்ட் ஹைன்ஸ் என்பவர் 1911-இல் ஒரு சாலையின் நடுவே வெள்ளைக் கோடு போடவைத்தார். ஒழுகிக்கொண்டே போன ஒரு பால் வண்டி ரோட்டில் விட்டுப்போன வெள்ளைத் தடத்தைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். 1917-இல் கலிபோர்னியாவில் ஜூன் மெக்கரோல் என்ற பெண் மருத்துவர் தன் ஊர்ச் சாலையில் இதே மாதிரி கோடு போட்டார். ஒரு லாரியால் தன் கார் சாலையை விட்டு இறங்கவேண்டி வந்ததுதான் அதற்குக் காரணம்.

இந்தக் கோடு யாருக்காகப் போடப்பட்டது என்பதைக் கவனியுங்கள். காருக்காகவும் லாரிக்காகவும். கோடு வந்த நாடுகளில் சாலையை நிரப்பியிருந்தவை ஏறக்குறைய ஒரே அகலம், ஒரே வேகம் உள்ள வண்டிகள். ஒரு தடத்துக்கு ஒரு வண்டி என்று பிரித்தால் கணக்கு சரியாக வரும். அந்தத் தடத்தைத்தான் லேன் என்கிறோம். இரண்டு லேன்களில் நிற்கும் கார்களுக்கு நடுவே பைக் புகுந்து போவதற்கு அங்கே 'லேன் ஸ்ப்ளிட்டிங்' என்று பெயர் வைத்தார்கள். நமக்கு அதற்குத் தனிப் பெயரே இல்லை. 'கேப்புல போறது' என்போம். தனிப் பெயர் வைக்கும் அளவுக்கு அது நமக்கு விசேஷமான காரியம் இல்லை. வண்டி ஓட்டுவது என்றாலே அதுதான்.

மாட்டு வண்டிக்கு எட்டு, பைக்குக்கு அரை

நம் ஊர் ரோட்டுக்கு வருவோம். இந்தியாவில் சாலைகளுக்கான அளவுகளை வகுப்பது இந்தியச் சாலைப் பேரவை என்ற அமைப்பு. ஒரு சாலை எவ்வளவு போக்குவரத்தைத் தாங்கும் என்று கணக்கிட அவர்கள் எல்லா வண்டிகளையும் காராக மாற்றி எண்ணுவார்கள். கார் என்றால் 1. ஊர்ப்புறச் சாலைகளுக்காக 1990-இல் அவர்கள் வெளியிட்ட அட்டவணையில் பஸ், லாரி என்றால் 3. டிரெய்லர் மாட்டிய டிராக்டர் என்றால் 4.5. மாட்டு வண்டி என்றால் 8. மோட்டார் சைக்கிளுக்கு எவ்வளவு தெரியுமா? 0.5. சைக்கிளுக்கும் அதே 0.5-தான்.

எனக்கு இந்த அட்டவணை ரொம்பப் பிடித்திருக்கிறது. ஒரு நாட்டின் சாலையில் யார் யார் போகிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேறு கிடைக்காது. எட்டும் நாலரையும் மூன்றும் அரையும் ஒரே தாரில் போகின்றன. மாட்டு வண்டி இன்று குறைந்துவிட்டது, ஆனால் கரும்பு டிராக்டர் எங்கள் ஊரில் குறையவில்லை.

இப்போது அகலத்தைப் பாருங்கள். அதே பேரவையின் அளவுப்படி ஒருவழிச் சாலையின் தார் அகலம் 3.75 மீட்டர். இருவழிச் சாலைக்கு 7 மீட்டர். பஸ்ஸின் அகலம் சுமார் இரண்டரை மீட்டர். இருவழிச் சாலையில் போகிற டிராக்டரும் வருகிற பஸ்ஸும் சேர்ந்து ஐந்து மீட்டரை எடுத்துக்கொண்டால் மிச்சம் இரண்டு மீட்டர். அந்த இரண்டு மீட்டரும் ஒரே இடத்தில் இருக்காது. இந்த ஓரத்தில் கொஞ்சம், அந்த ஓரத்தில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம். நடுவில் இருக்கும் அந்தக் 'கொஞ்சம்'தான் நாம் போகிற சந்து. பைக்கின் ஹேண்டில்பார் மட்டுமே முக்கால் மீட்டர் இருக்கும். மிச்சத்தை நீங்களே கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கரும்பு பிதுங்குவதை நான் இன்னும் சேர்க்கவில்லை.

புல்லட் முதல் டி.வி.எஸ். 50 வரை

இந்தச் சந்து ஒரு காலத்தில் யாருக்கும் தேவைப்படவில்லை, ஏனென்றால் வண்டியே இல்லை. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தன. சென்னை திருவொற்றியூரில் புல்லட் உருவாகத் தொடங்கியது. ஆனால் புல்லட் ராணுவத்துக்கும் போலீசுக்கும் வசதியானவர்களுக்குமான வண்டி. எங்கள் தாத்தா தலைமுறையில் புல்லட் சத்தம் கேட்டால் ஊரே திரும்பிப் பார்க்கும் என்பார்கள். ஸ்கூட்டர் வேண்டும் என்றால் பதிவு செய்துவிட்டு வருடக் கணக்கில் காத்திருக்கவேண்டிய காலம் அது.

கிராமத்து ரோட்டை மாற்றியது 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50. இரண்டு பேர் உட்காரக்கூடிய மொபெட். கியர் கிடையாது, எடை குறைவு, புல்லுக்கட்டும் பால் கேனும் ஏற்றலாம். எங்கள் பக்கத்தில் இன்றும் எந்தக் கம்பெனி மொபெட்டாக இருந்தாலும் பேர் 'டிவிஎஸ்'தான். 1984-இல் இந்த்-சுசுகி, 1985-இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 என்று பெட்ரோல் அதிகம் குடிக்காத 100 சி.சி. பைக்குகள் வந்தன. 1991-க்குப் பிறகு தவணைக்கு வண்டி கிடைக்க ஆரம்பித்ததும் காத்திருக்கும் காலம் முடிந்தது.

இதில் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வண்டிகள் பல மடங்கு பெருகின. அரை மதிப்பெண் வண்டிக்கென்று ரோட்டில் ஒரு முழம்கூடத் தனியாகக் கூடவில்லை. பஸ்ஸுக்கு நிறுத்தம் உண்டு, லாரிக்கு நெடுஞ்சாலை உண்டு, நடப்பவருக்குப் பேருக்காவது நடைபாதை உண்டு. பைக்குக்கு? மற்றவர்கள் விட்டுவைத்த இடம் மட்டும்தான். அதாவது சந்து. சந்தில் போகிற பழக்கம் நம் ஒழுங்கீனத்திலிருந்து பிறந்தது என்று சொல்வது பாதி உண்மைதான். மீதிப் பாதி, அதைத் தவிர வேறு இடம் தரப்படவில்லை என்பது.

சட்டம் என்ன சொன்னது

1989-இல் வந்த சாலை விதிமுறைகளில் லேன் பற்றிப் பேச்சு உண்டு. சாலையில் லேன் கோடு போடப்பட்டிருந்தால் ஓட்டுநர் அந்தத் தடத்துக்குள்ளேயே போகவேண்டும், சிக்னல் காட்டிவிட்டுத்தான் மாறவேண்டும் என்பது அதன் சாரம். 2017-இல் அந்த விதிமுறைகளுக்குப் பதிலாகப் புதிய மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகள் வந்தன. தடத்துக்குள் போகவேண்டும் என்ற எண்ணம் மாறவில்லை.

கோடு 'போடப்பட்டிருந்தால்' என்ற சொல்லில்தான் சிக்கல். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் மலைச்சாலையில் லேனைத் தேடினால் கொண்டை ஊசி வளைவுதான் கிடைக்கும். சென்னை அண்ணா சாலையில் கோடு இருக்கிறது, சிக்னல் சிவப்பானதும் அத்தனை பைக்கும் கோட்டின் மேலேயே ஊர்ந்து முன்னால் வந்து நிற்கும். போலீஸ்காரரும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். விதி காருக்கான ரோட்டைக் கற்பனை செய்துகொண்டு எழுதப்பட்டது. ரோடு வேறாக இருந்தது.

கலிபோர்னியாவில் நடந்த சண்டை

கோடு பிறந்த அமெரிக்காவிலேயே இந்தப் பிரச்சினை பெரிய சண்டையாக நடந்தது. கலிபோர்னியாவில் பைக்குகள் கார்களுக்கு நடுவே போவதைச் சட்டம் தடுக்கவும் இல்லை, அனுமதிக்கவும் இல்லை. அங்குள்ள நெடுஞ்சாலை போலீஸ் 2013-இல் "இப்படிப் போனால் பாதுகாப்பு" என்று சில வழிமுறைகளை வெளியிட்டது. விதி இயற்றப் போலீசுக்கு அதிகாரம் இல்லை என்று ஆட்சேபம் கிளம்பியதால் 2014-இல் அவற்றை எடுத்துவிட்டார்கள். கடைசியில் 2016 ஆகஸ்டில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். 2017 ஜனவரி 1 முதல் லேன் ஸ்ப்ளிட்டிங்குக்குச் சட்டத்தில் ஒரு வரையறை கிடைத்தது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் அது.

அந்தச் சண்டையில் உதவிய ஒரு ஆய்வு நமக்கும் முக்கியம். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ரைஸ் குழுவினர் 2015-இல் வெளியிட்டது. விபத்தில் சிக்கிய சுமார் 6,000 பைக் ஓட்டிகளின் விவரத்தை எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 997 பேர் விபத்து நடந்த நேரத்தில் கார்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தவர்கள். அப்படிப் போனவர்களில் தலையில் அடிபட்டவர்கள் 9 சதவீதம், மற்றவர்களில் 17 சதவீதம். இறந்தவர்கள் 1.2 சதவீதம், மற்றவர்களில் 3 சதவீதம்.

"பாத்தியா, கேப்புல போறதுதான் சேஃப்டி" என்று உடனே கிளம்பிவிடாதீர்கள் :-) இரண்டு விஷயம் இருக்கிறது. முதலாவது, இது விபத்தில் ஏற்கெனவே சிக்கியவர்களை மட்டும் ஒப்பிட்ட ஆய்வு. சந்தில் போனால் விபத்தே குறையும் என்று அது சொல்லவில்லை. அங்கே சந்தில் போனவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்கள், மெதுவாகப் போனவர்கள், முழுமுகம் மூடும் ஹெல்மெட்டை மற்றவர்களைவிட அதிகமாகப் போட்டிருந்தவர்கள். இரண்டாவதுதான் உயிர்நாடி. சுற்றியுள்ள வண்டிகளின் வேகம் மணிக்கு 50 மைலைத் தாண்டாமலும், பைக்குக்கும் மற்ற வண்டிகளுக்கும் உள்ள வேக வித்தியாசம் 15 மைலைத் தாண்டாமலும் இருந்தால்தான் ஓரளவு பாதுகாப்பு என்றார்கள். வித்தியாசம் அதற்கு மேல் போகப் போகக் காயமும் கூடியது.

மற்ற நாடுகளும் இதே வழியில்தான் போயின. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 2014 ஜூலையில், மணிக்கு 30 கிலோமீட்டருக்குள் என்ற நிபந்தனையோடு அனுமதித்தது. பிரான்ஸ் 2016-இலிருந்து சில பகுதிகளில் சோதனை செய்து பார்த்துவிட்டு, 2025 ஜனவரியில் சட்டமாக்கியது. அங்கே உச்சவேகம் 50 கிலோமீட்டர். எல்லா இடத்திலும் எல்லா வண்டியும் ஒரே திசையில் போகிறது, மெதுவாகப் போகிறது அல்லது நின்றிருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கணக்கை எங்கள் ரோட்டில் போட்டால்

15 மைல் என்றால் 24 கிலோமீட்டர். சென்னை சிக்னலில் நின்றிருக்கும் கார்களுக்கு நடுவே 10 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால் வித்தியாசம் 10. எல்லைக்குள் இருக்கிறோம்.

இப்போது எங்கள் ஊர். கரும்பு டிராக்டர் 15-இல் போகிறது. நான் 50-இல் அதைத் தாண்டுகிறேன். வித்தியாசம் 35. எல்லையைத் தாண்டியாயிற்று. எதிரே பஸ் 60-இல் வருகிறது. அது எதிர்த்திசை என்பதால் கழிக்கக் கூடாது, கூட்டவேண்டும். 110 கிலோமீட்டர். ஒரு நொடிக்கு 30 மீட்டர். பஸ் நூறு மீட்டர் தூரத்தில் இருக்கிறது, நிறைய நேரம் இருக்கிறது என்று நினைத்தால், நம்மிடம் இருப்பது மூன்று நொடிக்குக் கொஞ்சம் அதிகம்.

அமெரிக்காக்காரன் சண்டைபோட்ட சந்தும் நாம் போகிற சந்தும் ஒன்றல்ல. நகரத்து நெரிசலில் செய்து பழகியதை அதே தைரியத்தோடு ஊர் ரோட்டில் செய்கிறோம். உளுந்தூர்பேட்டை–சேலம் நெடுஞ்சாலையில் போனவர்களுக்குத் தெரியும். நான்கு வழியாக அகலப்படுத்தியபோது கள்ளக்குறிச்சி, சின்னசேலம் போன்ற ஊர்களின் புறவழிச்சாலைகளை இருவழியாகவே விட்டார்கள். நான்கு வழியில் வந்த வேகம் கையிலும் காலிலும் இருக்கும்போதே எதிரே லாரி வரும். அந்தப் புறவழிச்சாலைகளில் போன உயிர்களைப் பற்றி எங்கள் மாவட்டத்தில் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு கதை இருக்கும்.

பைக் ஓட்டுபவர்களுக்கு இன்னொரு பிரச்சினை, மற்றவர் கண்ணில் படாமல் போவது. லாஸ் ஏஞ்சல்ஸில் 900 விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து ஹாரி ஹர்ட் என்பவர் 1981-இல் ஒரு அறிக்கை கொடுத்தார். காரும் பைக்கும் மோதிய விபத்துகளில் பெரும்பாலும் கார்க்காரர் சொன்னது, "பைக் வந்ததை நான் கவனிக்கவே இல்லை" என்பதுதான். பகலிலும் லைட் எரியவேண்டும் என்ற யோசனைக்கு அந்த அறிக்கை வலு சேர்த்தது. இந்தியாவில் 2017 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளில் லைட் தானாகவே எரிகிறது. அந்தச் சமயத்தில் எதிரே வருகிறவர்கள் எல்லாம் விரலை மடக்கி மடக்கி "லைட் எரியுது, லைட் எரியுது" என்று சைகை காட்டுவார்கள், ஞாபகம் இருக்கிறதா?

தலைக்கு வந்தது

இனி ஹெல்மெட். 1935 மே 13 அன்று இங்கிலாந்தில் டார்செட் பகுதியில், 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று பேர்பெற்ற டி.இ. லாரன்ஸ் தன் பைக்கில் போய்க்கொண்டிருந்தார். சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்கள் மேல் மோதாமல் இருக்க வண்டியைத் திருப்பியதில் தூக்கி எறியப்பட்டார். தலையில் அடி. ஆறு நாள் கழித்து இறந்துபோனார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவைச் சிகிச்சை நிபுணரும் ஒருவர். அந்தச் சாவு அவரை விடவில்லை. போர்க்காலத்தில் ராணுவத்தில் செய்தி கொண்டுபோகும் பைக் ஓட்டிகள் எத்தனை பேர் தலைக்காயத்தால் சாகிறார்கள் என்று ஆராய்ந்து 1941-இல் கட்டுரை வெளியிட்டார். அதே வருடம் பிரிட்டிஷ் ராணுவம் அந்த ஓட்டிகளுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்குக் கட்டாயமானது 1973-இல்தான். அதற்கு முன்பே, 1961-இல், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் அதைச் செய்துவிட்டது.

1955-இல் ரெட்டிச்சிலிருந்து திருவொற்றியூருக்குப் புல்லட் வந்தபோது ஹெல்மெட் கூட வரவில்லை. நம் 1939-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தில் ஹெல்மெட்டுக்கான பிரிவு 1977-இல்தான் சேர்க்கப்பட்டது. இது என் நடமாடும் சுதந்திரத்தைப் பறிக்கிறது என்று ஆந்திராவிலிருந்து ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஹெல்மெட் பயணத்தைப் பாதுகாப்பாக்குகிறதே தவிர யாரையும் தடுக்கவில்லை என்று 1988-இல் தீர்ப்பு வந்தது. அதே வருடம் இயற்றப்பட்ட புதுச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. தலைப்பாகை கட்டிய சீக்கியர்களுக்கு மட்டும் விலக்கு.

சட்டம் வந்தது, தலைக்கு வரவில்லை. தமிழ்நாட்டில் அது அலை அலையாக வந்து போனது. 2007 ஜூனில் கெடுபிடி ஆரம்பித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சீக்கிரமே தளர்ந்தது. 2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். கிருபாகரன், ஜூலை 1 முதல் ஹெல்மெட் இல்லாமல் போனால் வண்டி ஆவணங்களைப் பறிமுதல் செய்யவேண்டும் என்று உத்தரவிட்டார். அந்த வாரம் கடைகளில் ஹெல்மெட் தட்டுப்பாடு, விலை ஏறிப்போய் ரோட்டோரத்தில் குவித்துவைத்து விற்றார்கள். கொஞ்ச நாளில் அதுவும் ஆறிப்போனது. 2022 மே மாதம் சென்னையில் பின்னால் உட்காருகிறவருக்கும் கெடுபிடி வந்தது. அதே வருடம் அக்டோபரில் தமிழ்நாட்டில் அபராதம் 100 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய் ஆனது.

ஒவ்வொரு அலையும் நமக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தது. தப்பான பாடம். ஹெல்மெட் என்பது போலீஸ் நிற்கிற இடத்தில் போடுகிற பொருள் என்று கற்றுக்கொண்டோம். அதனால்தான் அது கண்ணாடியில் தொங்குகிறது, டேங்க் மேலே உட்கார்ந்திருக்கிறது, முழங்கையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. போலீஸைப் பார்த்ததும் தலைக்கு ஏறுகிறது. கரும்பு டிரெய்லர் பக்கத்தில் போலீஸ் நிற்பதில்லை.

பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் வெளியான ஒரு மருத்துவ மதிப்பீடு, ஹெல்மெட் மரணத்தை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்றது. மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகக் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் இருசக்கர வாகனத்தில் போனவர்கள் 74,897 பேர். ஒரு நாளைக்கு இருநூறுக்கு மேல். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர், அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் அந்த வருடம் 64,105 விபத்துகள். நாட்டிலேயே அதிகம் இங்கேதான்.

விழுந்த பிறகு காப்பாற்ற நாம் நிறையச் செய்திருக்கிறோம். 2008-இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2021 டிசம்பரில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான 'நம்மைக் காக்கும் 48' திட்டம் வந்தது. தலையில் அடி என்றால் சேலம், முண்டியம்பாக்கம், ஜிப்மர் என்று ஓடிக்கொண்டிருந்த எங்கள் பக்கத்துக்கு 2022 ஜனவரியில் கள்ளக்குறிச்சியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் எல்லாமே விழுந்த பிறகு.

தனித் தடம் கொடுத்த நாடு

விழுவதற்கு முன்பே யோசித்த நாடும் உண்டு. நம் தமிழர்கள் ஏராளமாக வாழும் மலேசியா. கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970-களிலேயே மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் தனித் தடம் போட்டார்கள். கார், லாரி உள்ளே வரமுடியாது. பின்னாளில் அந்த நாட்டு ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, தனித் தடத்தால் மோட்டார் சைக்கிள் விபத்துகள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்தது தெரிந்தது. அரை மதிப்பெண் வண்டிக்கு முழு இடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி.

வெள்ளிமலை ஏறும் ரோட்டில் தனித் தடம் போடு என்று நான் கேட்கவில்லை, மலை இடம் கொடுக்காது. ஆனால் அரவைக் காலத்தில் டிரெய்லருக்கு வெளியே கரும்பு நீட்டாமல் ஏற்றுவது, பின்னால் சிவப்பு ஒட்டி ஒட்டுவது, டிராக்டர் ஒதுங்கி வழிவிட அங்கங்கே கொஞ்சம் ஓரத்தை அகலப்படுத்துவது, இதெல்லாம் மலையைக் கேட்கவேண்டிய விஷயம் இல்லை.

கடைசியாக

பெரியப்பா கட்சி, பெரியம்மா கட்சி இரண்டில் எது சரி என்று ஆரம்பத்தில் கேட்டேன் அல்லவா? இவ்வளவு படித்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான். நாம் சந்தில் போவதற்கு எழுபது வருட வரலாறு காரணம். ரோடு போட்டவர்கள் நம்மை அரையாக எண்ணினார்கள், விதி எழுதியவர்கள் நம்மை எண்ணவே இல்லை. அது நம் தப்பு இல்லை. ஆனால் எந்தச் சந்தில், எந்த வேகத்தில் நுழைகிறோம் என்பது அந்த நிமிடத்தில் நம் கையில்தான் இருக்கிறது. நின்றிருக்கும் வண்டிகளுக்கு நடுவே ஊர்வது வேறு, எதிரே வருகிற பஸ்ஸோடு பந்தயம் கட்டுவது வேறு. இரண்டுக்கும் 'கேப்புல போறது' என்று ஒரே பேர் வைத்திருப்பதுதான் நம்மை ஏமாற்றுகிறது.

இப்போதெல்லாம் நான் டிராக்டர் பின்னாலேயே போகிறேன். கரும்பு வாசனை நன்றாகத்தான் இருக்கிறது. முதல் வகுப்புக்குச் சில நாள் தாமதமாகிறது, பேராசிரியர் முறைக்கிறார். பின்னால் வரும் பைக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போகிறார்கள். அவர்களில் பாதிப் பேர் கண்ணாடியில் ஹெல்மெட் ஆடிக்கொண்டிருக்கும். பார்க்கும்போதெல்லாம் எங்கள் வீட்டுத் திண்ணையில் இன்னும் ஆணியில் தொங்குகிற, கீறல் விழாத அந்த ஹெல்மெட்தான் ஞாபகம் வரும். பெரியம்மா அதை யாருக்கும் கொடுக்கவும் மாட்டேன் என்கிறார், எறியவும் மாட்டேன் என்கிறார்.

நாளைக் காலை வண்டியை எடுக்கும்போது அதை எங்கே மாட்டப்போகிறீர்கள் என்று மட்டும் ஒரு தடவை யோசியுங்கள் நண்பர்களே.